நார்வே எஃப்.எம்.-ஐ அணைத்த கதை: கணக்கில் வராத பாதி

2017 ஜனவரி 11, காலை 11 மணி 11 நிமிடம் 11 விநாடி. நார்வேயின் வடபகுதியில் பூடோ என்ற ஊரில், நூர்லாண்ட் மாவட்டத்துக்கான தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாக அணைத்துக்கொண்டே போய், அதே வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி ரஷ்ய எல்லையைத் தொடும் ஃபின்மார்க்கோடு வேலையை முடித்தார்கள். தேசிய வானொலிகளை எஃப்.எம்.-இலிருந்து முழுசாக எடுத்து டிஜிட்டலுக்கு மாற்றிய உலகின் முதல் நாடு என்ற பெயர் நார்வேக்குக் கிடைத்தது.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் ரெண்டே ரெண்டு கதைதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, "எதிர்காலத்துக்குத் துணிந்து போன நாடு" என்கிற கதை. இன்னொன்று, "மக்கள் தலையில் அரசாங்கம் கட்டிய வீண் செலவு" என்கிற கதை. ரெண்டையும் படித்துப் பார்த்தேன். ரெண்டிலும் உண்மை இருக்கு. ஆனால் முக்கியமான ஒரு கேள்வியை ரெண்டு பக்கமுமே சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது: ஒரு வானொலி நெட்வொர்க் என்றால் என்ன? கோபுரங்கள் மட்டுமா, அல்லது வீட்டிலும் காரிலும் இருக்கிற பெட்டிகளும் சேர்ந்ததா?

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து, நார்வே செய்தது லாபமா நஷ்டமா என்பது மாறிவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில், ஏன் அணைத்தார்கள்?

நார்வேயின் வரைபடத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். நீளமான, ஒல்லியான நாடு. கடல் உள்ளே புகுந்து வந்த ஃபியோர்டுகள், அவற்றின் இருபுறமும் செங்குத்தான மலைகள், நடுவே சின்னச் சின்ன ஊர்கள். மொத்த ஜனத்தொகை அப்போது 52 லட்சம் சொச்சம். அதாவது சென்னை மாநகரத்தை விடக் குறைவு. இவர்களுக்காக மலை மலையாக எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைக்க வேண்டும்.

எஃப்.எம்.-இல் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. பக்கத்துப் பக்கத்து டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் ஒன்றை ஒன்று கெடுக்கும். அதனால் ஒரே நிகழ்ச்சிக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு அலைவரிசை கொடுக்க வேண்டும். கூடவே, மலையில் பட்டுத் திரும்புகிற எதிரொலி சிக்னலும் ஒலியைக் கெடுக்கும். இப்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி நெட்வொர்க். ஐந்து நிலையங்களை நாடு முழுக்கக் கொண்டுபோவதற்குள் அலைவரிசையும் காசும் தீர்ந்துவிட்டது.

டி.ஏ.பி. என்கிற டிஜிட்டல் முறை இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனமாக வேலை செய்கிறது. 1987-இல் தொடங்கிய யுரேகா 147 என்ற ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சியில் உருவான முறை இது. பல நிலையங்களை ஒரே கட்டாகக் கட்டி, சுமார் 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்புவார்கள். தகவலை நூற்றுக்கணக்கான மெல்லிய அலைகளில் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே 246 மைக்ரோ விநாடி இடைவெளி விடுவார்கள். அந்த நேரத்தில் ரேடியோ அலை ஏறத்தாழ 74 கிலோமீட்டர் போகும். அந்த அளவுக்குள் தாமதித்து வருகிற எந்த எதிரொலியும், பக்கத்து டிரான்ஸ்மிட்டரின் சிக்னலும் ரிசீவருக்குத் தொந்தரவு இல்லை. சொல்லப்போனால் உதவியாகவே இருக்கும். அதனால் ஒரு பகுதி முழுக்க ஒரே அலைவரிசையில் ஓட்டலாம். எஃப்.எம்.-இல் எதிரியாக இருந்த மலை, இங்கே கொஞ்சம் நண்பனாகிவிடுகிறது. இந்த முறை யாருக்காவது ரொம்பப் பொருத்தம் என்றால் அது நார்வேக்குத்தான்.

ஆர்வமும் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அரசுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே., 1995 ஜூன் 1-ஆம் தேதியே 'என்.ஆர்.கே. கிளாசிஸ்க்' என்ற செவ்வியல் இசை நிலையத்தை டி.ஏ.பி.-இல் தொடங்கிவிட்டது. பி.பி.சி. தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

2015 ஏப்ரலில் கலாச்சார அமைச்சர் தோர்ஹில்ட் விட்வே அணைப்புத் தேதியை அறிவித்தபோது அரசு சொன்ன காரணங்கள் இவை: எஃப்.எம்.-இல் நாடு முழுக்கக் கேட்கிறவை 5 நிலையங்கள், டி.ஏ.பி.-இல் ஏற்கெனவே 22, இன்னும் கிட்டத்தட்ட 20-க்கு இடம் இருக்கு. ஒரு தேசிய நிலையத்தை எஃப்.எம்.-இல் அனுப்ப ஆகும் செலவு டி.ஏ.பி.-யை விட 8 மடங்கு. ரெண்டு நெட்வொர்க்கையும் ஒரே நேரத்தில் நடத்துவதை விட்டால், வருஷத்துக்கு 20 கோடி குரோனருக்கு மேல் மிச்சம்.

இந்த 20 கோடி என்கிற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நல்லது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்

எதிர்ப்பாளர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். எஃப்.எம். காலத்தில் நார்வேயின் மூலை முடுக்கெல்லாம் போனது என்.ஆர்.கே.-யின் பி1 என்ற ஒரு நிலையம்தான். மற்ற நிலையங்கள் நகரத்தில் நன்றாகக் கேட்கும், ஓரமாக இருக்கிற ஃபியோர்டில் சந்தேகம்தான். டி.ஏ.பி.-இல் எல்லாம் ஒரே கட்டு. பி1 வருகிற இடத்தில் குழந்தைகள் நிலையமும் ஜாஸும் நாட்டுப்புற இசையும் தொடர் செய்தியும் வரும். ஒஸ்லோக்காரருக்கும் வட கடலோரத் தீவில் இருப்பவருக்கும் ஒரே பட்டியல்.

அதிலும் வட நார்வேயின் பழங்குடிகளான சாமி மக்களின் மொழியில் இயங்கும் என்.ஆர்.கே. சாப்மி. எஃப்.எம்.-இல் மற்ற நிலையங்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் பேச வேண்டியிருந்தது. டிஜிட்டலில் அதற்கென்று தனி நிலையம் கிடைத்தது. வடக்கிலிருந்து தலைநகருக்குக் குடிபெயர்ந்த சாமி குடும்பமும் கேட்கலாம். சிறிய மொழி பேசுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு விளக்கத் தேவையில்லை.

பொறியியலாகப் பார்த்தாலும் வேலை சுத்தம். ஒரே வருஷத்தில், திட்டமிட்ட வரிசையில், பெரிய தடங்கல் இல்லாமல் ஒரு நாட்டின் தேசிய ஒலிபரப்பை மாற்றி முடித்தார்கள். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை.

சரி, அப்புறம் என்ன பிரச்சனை?

ஐந்து நிபந்தனைகள், ஐந்தும் எங்கே நின்று அளந்தவை?

நார்வே கண்ணை மூடிக்கொண்டு அணைக்கவில்லை. 2011-லேயே நாடாளுமன்றம் நிபந்தனைகளை வகுத்தது. சுருக்கமாக:

1. என்.ஆர்.கே.-யின் டிஜிட்டல் சேவை, எஃப்.எம்.-இல் பி1 எவ்வளவு மக்களுக்குப் போகிறதோ அவ்வளவு மக்களுக்குப் போக வேண்டும்.
2. தனியார் தேசிய நிலையங்களின் டிஜிட்டல் சேவை குறைந்தது 90 சதவீத மக்களை எட்ட வேண்டும்.
3. கேட்பவர்களுக்குக் கூடுதலாக ஏதாவது கிடைக்க வேண்டும்.
4. காரில் கேட்க, கட்டுப்படியாகிற விலையில், ஒழுங்காக வேலை செய்கிற வழி இருக்க வேண்டும்.
5. தினசரி வானொலி கேட்பவர்களில் பாதிப் பேராவது டிஜிட்டலில் கேட்க வேண்டும்.

2015 தொடக்கத்துக்குள் எல்லாம் நிறைவேறினால் 2017-இல் அணைப்பு, ஐந்தாவது மட்டும் நிறைவேறாவிட்டால் 2019. நிறைவேறியது என்று சொல்லித்தான் 2017 என்று அறிவித்தார்கள்.

காகிதத்தில் பார்க்க அழகான பட்டியல். பல நாடுகள் இவ்வளவுகூடச் செய்வதில்லை. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

முதல் ரெண்டும் மக்கள்தொகைக் கணக்கு. ஒருத்தர் குடியிருக்கிற முகவரியில் சிக்னல் இருந்தால் அவர் "எட்டப்பட்டவர்". ஆனால் வானொலி என்பது முகவரியில் உட்கார்ந்து கேட்கிற சாதனமா? தொலைக்காட்சிக்கு அது சரி. வானொலியைச் சாலையில் கேட்கிறோம், படகில் கேட்கிறோம், நார்வேக்காரர்கள் வார இறுதியில் போகிற மலைக் குடிலில் கேட்கிறார்கள். அந்தக் குடிலில் யாரும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. மீன்பிடிப் படகில் யாருக்கும் வாக்காளர் முகவரி கிடையாது. உயரமான மலை உச்சியில் இருந்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், யாரும் கேட்காமலே, கடலுக்குள் வெகுதூரம் சிக்னலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த இலவச உபரி எந்த நிபந்தனையிலும் வரவில்லை. அணைத்த பிறகு மீனவர்கள் முறையிட்டதும் இதைத்தான்.

நான்காவது நிபந்தனையைக் கவனியுங்கள். வழி "இருக்க வேண்டும்". எங்கே இருக்க வேண்டும்? கடையில் இருந்தால் போதும். காரில் பொருத்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனை சொல்லவில்லை.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இதில் ரெண்டு நுணுக்கம். ஒன்று, டிஜிட்டல் என்பதில் டி.ஏ.பி. மட்டும் இல்லை, தொலைக்காட்சிப் பெட்டி வழியாகக் கேட்பதும் இணையத்தில் கேட்பதும் சேர்த்தி. ரெண்டாவது, தலையை எண்ணினார்கள், நேரத்தை எண்ணவில்லை. காலையில் சமையலறையில் பத்து நிமிஷம் இணைய வானொலி கேட்டுவிட்டு, அப்புறம் நாள் முழுக்க லாரியில் எஃப்.எம். கேட்கிற ஓட்டுநரும் இந்தக் கணக்கில் டிஜிட்டல் நேயர்தான். அவர் பாதியைத் தாண்ட உதவினார். அணைத்த அன்றைக்கு அவருக்கு மிச்சம் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்.

யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் அப்படி. ஆனால் ஒரு அளவுகோல் எங்கே நின்று அளக்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் முதல் வேலை. இந்த ஐந்தும், கொஞ்சம் முன்னே பின்னே, அனுப்புகிறவர் பக்கத்தில் நின்று அளந்தவை.

பெட்டிகளின் கணக்கு

ஒலிபரப்பு நெட்வொர்க்குக்கு ரெண்டு பாதி உண்டு. ஒரு பாதி கோபுரம், அதை நிறுவனம் வாங்கியது. மறு பாதி ரிசீவர். அதை வாங்கியது மக்கள், பல பத்து வருஷமாக, கொஞ்சம் கொஞ்சமாக. சமையலறை அலமாரி, படுக்கைப் பக்கத்து அலாரம், கார், டிராக்டர், படகு, பட்டறை. ரெண்டு பாதியும் சேர்ந்தால்தான் வானொலி. ஒரு பாதியை அணைத்தால் மறு பாதி வெறும் பெட்டி. அதாவது, அரசாங்கம் தனக்குச் சொந்தமான பாதியை அணைத்தபோது, தனக்குச் சொந்தம் இல்லாத பாதியின் மதிப்பும் சேர்ந்தே போயிற்று.

அந்த மதிப்பு எவ்வளவு? முழுசாகக் கணக்கிட முடியாது. ஆனால் கார்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

அணைப்பு தொடங்கியபோது டி.ஏ.பி. வசதி இல்லாத கார்கள் சுமார் 20 லட்சம் என்று செய்திகள் சொல்லின. காரில் பொருத்தும் அடாப்டர் விலை ஏறத்தாழ 1,500 குரோனர். பெருக்கிப் பாருங்கள்: 300 கோடி குரோனர். நிறுவனங்களுக்கு மிச்சமாவது வருஷத்துக்கு 20 கோடி. அதாவது, எல்லாக் காருக்கும் அடாப்டர் வாங்கியிருந்தால், அந்தச் செலவை ஈடுகட்ட 15 வருஷ மிச்சம் வேண்டும். வீட்டு ரேடியோக்களை இன்னும் தொடவே இல்லை.

இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அடாப்டர் வாங்கவில்லை. பழைய கார்கள் எப்படியும் சில வருஷத்தில் கழிந்துவிடும், அதற்குள் புதுக் கார்கள் கிட்டத்தட்ட எல்லாமே டி.ஏ.பி.-யோடு வர ஆரம்பித்துவிட்டன. சிலர் போனை காரோடு இணைத்துச் சமாளித்தார்கள். அப்படியானால் உண்மைச் செலவு 300 கோடியை விட நிச்சயம் குறைவு. ஆனால் அடாப்டர் வாங்காதவர் செலவே செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அவர் காரில் வானொலி கேட்பதை விட்டார், அல்லது போன் டேட்டாவுக்குக் காசு கொடுத்தார். இழப்பு எங்கேயும் போய்விடவில்லை, ரசீது இல்லாத செலவாக மாறியது, அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி: மிச்சமான 20 கோடி யாருக்குப் போனது? என்.ஆர்.கே. 2019 வரை மக்கள் கட்டணத்தில் நடந்தது. அதற்கு மிச்சமானால் நிகழ்ச்சிகளாகத் திரும்பி வரும் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மிச்சத்தில் தனியார் தேசிய நிலையங்களுக்கும் பங்கு உண்டு. 2017-இல் பி4 நிலையம் ஒரு ஸ்வீடிஷ் குழுமத்திடமும், ரேடியோ நூர்கே ஒரு ஜெர்மன் குழுமத்திடமும் இருந்தன. பூடோவில் பழைய வால்வோ ஓட்டுகிற ஒருத்தர் அடாப்டர் வாங்கினால், அந்த 1,500 குரோனரின் ஒரு பகுதியால் யாருடைய மின்கட்டணம் குறைகிறது? இந்தக் கேள்வியை எழுப்பினால் "முன்னேற்றத்துக்கு எதிரி" என்று முத்திரை குத்துவது சுலபம். பதில் சொல்வதுதான் கஷ்டம்.

இதில் ரொம்பப் பாவப்பட்டவர்கள் யார் தெரியுமா? அரசாங்கம் சொன்னதை முதலில் நம்பியவர்கள். ஆரம்ப கால டி.ஏ.பி. ரேடியோக்கள் எம்.பி.2 என்ற பழைய ஒலிச் சுருக்க முறையில் வேலை செய்தவை. 2007 வாக்கில் டி.ஏ.பி.+ என்கிற மேம்பட்ட வடிவம் வந்தது. அது குறைந்த இடத்தில் நல்ல ஒலி தரும், ஆனால் பழைய டி.ஏ.பி. பெட்டி அதைப் புரிந்துகொள்ளாது. நார்வே டி.ஏ.பி.+ பக்கம் போனதும், முதல் தலைமுறைப் பெட்டி வாங்கியவர்கள் எஃப்.எம். அணைவதற்குள்ளேயே இன்னொரு முறை வாங்க வேண்டியிருந்தது. முந்திக்கொண்டவருக்குத் தண்டனை, எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தவருக்கு லாபம்.

தொலைக்காட்சியையும் தானே மாற்றினோம்?

டிஜிட்டல் ஆதரவாளர்களின் பலமான வாதம் இது. நார்வே 2009-லேயே அனலாக் தொலைக்காட்சியை முழுசாக நிறுத்திவிட்டது. முணுமுணுப்பு இருந்தது, பிறகு எல்லோரும் பழகிவிட்டார்கள். வானொலி மட்டும் என்ன விசேஷம்?

விசேஷம் ரெண்டு. முதலாவது, வீட்டில் தொலைக்காட்சி ஒன்றோ ரெண்டோ. ஒரு பெட்டி வாங்கி இணைத்தால் முடிந்தது. ரேடியோ அப்படி இல்லை, சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் சின்னது, மலிவானது. பத்து வருஷப் பழைய அலார ரேடியோவுக்கு யார் அடாப்டர் வாங்குவார்கள்? குப்பைக்குத்தான் போகும்.

ரெண்டாவது முக்கியமானது. தொலைக்காட்சியை டிஜிட்டலாக்கியபோது காலியான அலைவரிசைக்கு மொபைல் நிறுவனங்கள் கியூவில் நின்றன. நான்காம் தலைமுறை மொபைல் சேவை அந்த இடத்தில் வந்தது. சமூகத்துக்கே ஒரு புதுச் சொத்து கிடைத்தது. எஃப்.எம். இருப்பது 87.5-இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. குறுகலான துண்டு, மொபைலுக்கு உதவாது, யாரும் ஏலம் கேட்டு வரப்போவதில்லை. அதனால் எஃப்.எம். அணைப்பால் மிச்சமாவது ஒலிபரப்புச் செலவு மட்டும்தான். தொலைக்காட்சி மாற்றத்தை நியாயப்படுத்திய பெரிய லாபம் இங்கே இல்லவே இல்லை. ரெண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை.

கரகரப்பும் மௌனமும்

கேட்கிற அனுபவத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கு. எஃப்.எம். சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும். கரகரப்புக்கு நடுவே பேச்சு புரியும். "புயல்", "சாலை மூடல்" என்ற ரெண்டு வார்த்தை காதில் விழுந்தால் போதும், வண்டியைத் திருப்பிவிடலாம். டி.ஏ.பி.+ அப்படி இல்லை. ஒரு அளவு வரை துல்லியம், அதற்குக் கீழே போனால் ஒன்றுமே இல்லை. மங்குகிற கட்டமே கிடையாது.

இது அவசர காலப் பேச்சோடு தொடர்புடையது. நார்வேயில் பேரிடர் நேரத்தில் மக்கள் கேட்க வேண்டிய அதிகாரபூர்வ வானொலி பி1. டிஜிட்டல் நெட்வொர்க் பேரிடரில் உறுதியாக நிற்கும் என்பது அரசின் வாதங்களில் ஒன்று. புதுக் கோபுரங்கள், புதுக் கருவிகள், சுரங்கச் சாலைகளுக்குள்ளும் சிக்னல் என்று அந்தப் பக்கம் உண்மையிலேயே பலமானது. ஆனால் இதிலும் மறு பாதி இருக்கிறதே! மின்சாரம் போனால் வீட்டில் என்ன நடக்கும்? எஃப்.எம். ரேடியோவைவிட டி.ஏ.பி. ரேடியோ பொதுவாகக் கூடுதல் மின்சாரம் இழுக்கும், அதனால் பேட்டரி சீக்கிரம் தீரும். நார்வேயின் குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம் 2018-இல் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. தண்ணீர், உணவு, மருந்து, போர்வையோடு, பேட்டரியில் ஓடும் டி.ஏ.பி. ரேடியோவும் வைத்துக்கொள்ளச் சொன்னது. நல்ல அறிவுரை. அதே சமயம் இதை இன்னொரு மாதிரியும் படிக்கலாம்: நேற்று வரை எல்லா வீட்டிலும் தானாகவே இருந்த ஒரு பாதுகாப்பு, இன்றைக்குத் தனியாக வாங்கி வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

2016 டிசம்பரில் தாக்பிளாடெத் நாளிதழ் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 66 சதவீதம் பேர் அணைப்பை எதிர்த்தார்கள். ஆதரவு 17 சதவீதம். ஆளும் கூட்டணியில் இருந்த முன்னேற்றக் கட்சிக்குள்ளேயே "இன்னும் தயாராகவில்லை" என்ற குரல் எழுந்தது. முடிவு மாறவில்லை.

அணைப்புக்குப் பின் வந்த காலத்தில் தினமும் வானொலி கேட்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. என்.ஆர்.கே.-க்குப் பலமான அடி. இதை எஃப்.எம். அணைப்பின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை, பாட்டுச் செயலிகளும் பாட்காஸ்டும் எல்லா நாட்டிலும் வானொலியிலிருந்து ஆளை இழுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பழக்கம் என்பது மெல்லிய நூல். காரில் ஏறியதும் கை தானாகப் பொத்தானை அழுத்தும், சத்தம் வரும். ஒருநாள் சத்தம் வரவில்லை என்றால், எல்லோரும் புதுப் பெட்டி வாங்கப் போவதில்லை. சிலர் போனை எடுப்பார்கள். போனை எடுத்தவர் திரும்பி வருவது கஷ்டம். இன்னொரு பக்கம், டி.ஏ.பி.-இல் வந்த சின்னச் சின்ன நிலையங்கள் ஆள் சேர்த்தன. ஆக, தேர்வு கூடியது, கூட்டம் குறைந்தது.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. "நார்வே எஃப்.எம்.-ஐ அணைத்துவிட்டது" என்று உலகமே எழுதியதே, அது முழு உண்மை இல்லை. அணைந்தது தேசிய நிலையங்கள். இருநூறு போல உள்ள உள்ளூர் வானொலிகளில் பெரும்பாலானவை எஃப்.எம்.-லேயே தொடர அனுமதி பெற்றன. பிறகு அந்த அனுமதியை 2026 வரை நீட்டித்தார்கள். காரணம் எளிது: ஒரு சின்ன ஊருக்கு ஒலிபரப்ப ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் போதும். பத்து நிலையங்களைக் கட்டாகக் கட்டுகிற முறையில், கட்டுவதற்கு ஒரே ஒரு நிலையம் இருந்தால் லாபம் எங்கே?

ஒஸ்லோவில் ஒரே எஃப்.எம். அலைவரிசையை நேரம் பிரித்துப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. தேவாலயக் குழுக்கள், மாணவர்கள், குடியேறிய சமூகங்கள் எல்லாம் மணிக்கணக்கில் இடம் பிடித்துப் பேசுவார்கள். தமிழ் ஒலிபரப்பும் அப்படித்தான் அந்த நகரத்தில் ஒலித்தது. வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பேசுகிற ஒரு சமூகத்துக்கு, நாடளாவிய டிஜிட்டல் கட்டில் நிரந்தர இடம் வாங்கு என்றால் எப்படி? மலிவான, எளிமையான தொழில்நுட்பத்துக்கு இன்னும் வேலை இருக்கு என்பதை நார்வே அரசே இந்த விதிவிலக்கின் மூலம் ஒப்புக்கொண்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

பக்கத்து வீடுகள்

நார்வேயின் அனுபவம் மற்றவர்களுக்கு முன்மாதிரியாகும் என்று எதிர்பார்த்தார்கள். ஸ்வீடன் 2015-லேயே, தன் தணிக்கை அலுவலகத்தின் கடும் விமர்சனத்துக்குப் பிறகு, எஃப்.எம்.-ஐ அணைக்கும் திட்டத்தைக் கைவிட்டது. பிரிட்டனில் 2018-இல் டிஜிட்டலில் கேட்கும் பங்கு பாதியைத் தாண்டியது. அங்கே அளந்தது தலைகளை அல்ல, கேட்கும் நேரத்தை. அப்படித் தாண்டியும் அணைக்கவில்லை, குறைந்தது 2030 வரை எஃப்.எம். இருக்கும் என்று 2021-இல் முடிவுக்கு வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31-ஆம் தேதி எஃப்.எம்.-ஐ அணைத்தது, கணிசமான நேயர்களை இழந்தது. அங்கே தனியார் நிலையங்களுக்கு 2026 முடிவு வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதியும் மறுபடி சர்ச்சைக்குள் போனது.

இதில் பிரிட்டன் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. டிஜிட்டலைத் தடுக்கவும் இல்லை, எஃப்.எம்.-ஐக் கொல்லவும் இல்லை. ரெண்டும் ஓடட்டும், பெட்டிகள் இயல்பாகப் பழசாகிக் கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். ரெண்டு நெட்வொர்க் நடத்துவது செலவுதான். ஆனால் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது, பட்ஜெட்டில் வருகிறது, கேள்வி கேட்க முடிகிறது. அடாப்டர் செலவு எந்த பட்ஜெட்டிலும் வராது.

அப்படியானால் என்ன செய்திருக்கலாம்?

எஃப்.எம். என்றைக்கும் அணையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நார்வேயின் நில அமைப்பில் டி.ஏ.பி. சிறந்த தொழில்நுட்பம், அதில் சந்தேகம் இல்லை. என் குறை நிபந்தனைப் பட்டியலைப் பற்றியது. மூன்றே மூன்று மாற்றம் போதுமாக இருந்திருக்கும்.

ஒன்று, ஐந்தாவது நிபந்தனையில் தலைக்குப் பதில் நேரத்தை எண்ணுவது. மக்கள் கேட்கிற மொத்த நேரத்தில் எவ்வளவு எஃப்.எம்.-இல் போகிறது என்று பார்த்தால், லாரி ஓட்டுநர் சரியான எடையோடு கணக்கில் வருவார்.

ரெண்டு, நான்காவது நிபந்தனையில் கடைக்குப் பதில் சாலையைப் பார்ப்பது. ஓடுகிற கார்களில் இத்தனை சதவீதத்தில் டி.ஏ.பி. இருந்தால்தான் அணைப்பு என்று வைத்திருந்தால் சில வருஷம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சில வருஷத்தில் அடாப்டர் தேவையே பெருமளவு மறைந்திருக்கும்.

மூன்று, மிச்சத்தில் பங்கு. அணைப்பால் வருஷத்துக்கு 20 கோடி குரோனர் மிச்சம் என்றால், முதல் ரெண்டு மூன்று வருஷ மிச்சத்தை எடுத்து, வசதி குறைந்தவர்களுக்கும், முதியவர்களுக்கும், தொழிலுக்காக வண்டியும் படகும் ஓட்டுகிறவர்களுக்கும் ரிசீவர் கொடுத்திருக்கலாம். நெட்வொர்க்கின் மறு பாதிக்கும் நாங்கள் பொறுப்பு என்று சொல்வதாக அது இருந்திருக்கும்.

இன்றைக்குப் போய்ப் பார்த்தால் நார்வே மக்கள் பெரும்பாலும் பழகிவிட்டார்கள். புதுக் கார்களில் டி.ஏ.பி. இயல்பாக வருகிறது, நிலையங்கள் நிறைய, ஒலியில் இரைச்சல் இல்லை. "பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்ல ஆள் இருக்கு. சரியாகிவிட்டதுதான். ஆனால் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து சரிசெய்துகொண்டதை, திட்டம் போட்டவர்களின் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்வது சரியா? அடுத்து எந்த நாடு எந்தப் பழைய நெட்வொர்க்கை அணைக்கப் போனாலும், அது வானொலியாக இருந்தாலும் சரி, பழைய தலைமுறை மொபைல் சேவையாக இருந்தாலும் சரி, நான் முதலில் தேடுவது இதைத்தான்: அந்த நெட்வொர்க்கின் மறு பாதியை வைத்திருக்கிறவர்களின் செலவுக்கு அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கா? இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். இல்லை என்றால், அந்த அறிக்கை சொல்கிற மிச்சத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை.